முதல் எந்த நாட்டுச் சட்டம் என்று பாருங்கோ

அன்புள்ள அக்கா,

நேற்று நீங்கள் என் மேசையில் வைத்த, நாலாக மடித்த கடதாசியை இரவு இருந்து வாசித்தேன். மகள் தெற்கிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறாள் என்ற பயத்தில், மூத்த மாணவர் புதியவர்களைக் கொடுமைப்படுத்தும் பகிடிவதை பற்றி வட்ஸ்அப்பில் வந்ததைப் பிரின்ட் எடுத்து, “2 ஆண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம்” என்ற வரிக்கு மஞ்சள் பேனையால் கோடும் போட்டிருந்தீர்கள். சொல்ல மனமில்லைத்தான், ஆனாலும் சொல்லவேணும்: அது எங்கள் இலங்கைச் சட்டமில்லை. இந்தியாவிலுள்ள தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம்.

அதை வைத்து முறைப்பாடு எழுதினால் முதல் வரியிலேயே பிள்ளையின் பக்கம் பலவீனமாகிவிடும். தமிழில் தேடுகிற எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த வில்லங்கம் இருக்கிறது. மொழி ஒன்று, நாடு இரண்டு. ஆனால் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கடதாசியில் ‘ராகிங்’, ‘காவல் நிலையம்’, ‘பல்கலைக்கழக மானியக்குழு’ என்று இருக்கிறது. எங்கள் அரச ஆவணங்களில் பகிடிவதை, பொலிஸ் நிலையம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்றுதான் வரும். நீதிமன்றப் பெயரில் இன்னும் கவனம் வேணும். இங்கே ‘உயர் நீதிமன்றம்’ என்றால் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். அங்கே அதே சொல் ஒரு படி கீழே உள்ளதைக் குறிக்கும்; ஆங்கிலத்தில் ‘ஹை கோர்ட்’ எனப்படும் எங்கள் நீதிமன்றத்தை நாங்கள் மேல் நீதிமன்றம் என்போம். எங்கள் பத்திரிகைகளும் அதியுயர்ந்த நீதிமன்றத்தைச் சிலவேளை இந்திய வழக்கப்படி ‘உச்ச நீதிமன்றம்’ என்று எழுதுவதால், அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும் தேடுங்கோ.

பகிடிவதைக்கு எங்களிடம் இருப்பது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். உங்கள் கடதாசியில் இருப்பதைவிட இது கடுமையானது. பகிடிவதைக்கு 2 ஆண்டு வரை கடூழியச் சிறை, அதோடு பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் கட்டச் சொல்லலாம். பாலியல் தொந்தரவோ கடும் காயமோ நடந்தால் 10 ஆண்டு வரை. அடித்தால்தான் குற்றம் என்றில்லை. மனவேதனையையோ பயத்தையோ உண்டாக்கும் செயலும் அந்த வரைவிலக்கணத்துக்குள் வருகிறது. நிறுவனத்துக்கு வெளியே நடந்தாலும் குற்றமே. “போர்டிங்கில நடந்ததுக்கு கம்பஸ் என்ன செய்யும்?” என்று கேட்டீர்களே, அதற்கான பதில் இதற்குள் இருக்கிறது.

இதையும் நான் சொன்னேன் என்று நம்பிவிடாமல், மூலத்தை நீங்களே எடுத்துப் பாருங்கோ. சட்டங்களும் வர்த்தமானிகளும் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கிடைக்கும், பாராளுமன்றத் தளத்திலும் தேடலாம். தரவிறக்கினால் கடைசிப் பக்கத்துக்கும் போங்கோ. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று ஒரு பிரிவு வழமையாக அங்கே இருக்கும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. ஆனாலும் இருப்பது அதுதான். ஒரு சொல்லிலேயே விசயம் தொங்கினால், சிங்களம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கோ. பிறகு திருத்தச் சட்டம் ஏதும் வந்திருக்கிறதா என்றும் பார்க்கவேணும்.

சுற்றறிக்கை கொஞ்சம் சிக்கல். “சுற்றறிக்கையில இருக்கு” என்று எல்லாரும் சொல்வார்கள், காட்டச் சொன்னால் ஒருவரிடமும் இராது. இலக்கமும் திகதியும் கேளுங்கோ. தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்கவேணும். (இந்தியச் சட்டத்தில் 30 நாள். அங்கேயும் குழம்பாதீர்கள்.) பல்கலைக்கழகம் தெற்கில் இருந்தாலும் நீங்கள் தமிழில் எழுதலாம், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

நாள் கணக்கு எவ்வளவு பெரிய விசயம் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி, தனக்கு ஓர் அரச நிறுவனத்தில் அநியாயம் நடந்தது என்று வந்தான். மேல்முறையீட்டுக் கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று அவனை நான்தான் பொறுத்திருக்கச் சொன்னேன். அடிப்படை உரிமை மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அநியாயம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேணும். சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனபோது நாற்பதாவது நாள். அவன் என்னைக் கோபித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பினான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்பதைப் பிறகுதான் படித்தேன். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருந்தது.

நான் சட்டத்தரணி இல்லை, அக்கா. தேவை வந்தால் முதல் வாரத்திலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கோ.

சனிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரின்ட் எடுத்து வைக்கிறேன். அவளே சத்தமாக வாசிக்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து கேட்போம். மஞ்சள் பேனையை மறக்காமல் கொண்டு வாருங்கோ.