விலைவாசி: கேளுங்கோ, சொல்லுறன்

ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் பதில் தாறார். பணவீக்கம் மட்டும். காணி, தங்கம், லொத்தர் கேக்கக்கூடாது.

ரமணி: பணவீக்கம் குறைஞ்சிட்டுது எண்டு செய்தியில சொல்லுகினம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில ஒண்டும் குறையேல்லையே சேர்?

வீதம் வேற, விலை வேற. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில பணவீக்கம் 69.8 வீதம். அதுக்கு முந்தின வருஷம் 100 ரூபா வித்த சாமான் 170க்கு வந்திட்டுது. 2023 செப்டெம்பரில வீதம் 1.3 தான், ஆனா சாமான் 172. ஏற்றம் மெதுவாகினது. ஏறினது இறங்கேல்லை.

தோட்டக்காரன்: விலையை ஏத்தினது யாவாரியள்தானே?

யாவாரி உத்தமன் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா 2021இல இரசாயன உரத்தை நிப்பாட்டினவை, விளைச்சல் விழுந்தது. மத்திய வங்கி இறுக்கிப் பிடிச்சிருந்த ரூபாவின்ர பெறுமதியை 2022 மார்ச்சில அவிட்டு விட, 200 சொச்சமா நிண்ட டொலர் மே மாதம் 360. ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87இல இருந்து 340. உம்மட வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற மிசினுக்கும், கடலுக்குப் போற வள்ளத்துக்கும் அதைத்தானே ஊத்தினது?

விமல்: விலை எப்ப குறையும் சேர்?

ரமணிக்குச் சொன்னதை வாசியும்.

குகன்: காசு அடிச்சா ஏன் விலை ஏறுது?

2019 கடைசியில வற் வரியை 15இல இருந்து 8 ஆக்கினவை. வரவு சுருங்கினது, செலவு சுருங்கேல்லை. அரசாங்கம் கடன் வாங்க எழுதிக் குடுக்கிற திறைசேரி உண்டியலை மத்திய வங்கியே வாங்கிப் புதுக்காசு குடுத்தது. காசு கூட, சாமான் அதேயளவு. 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் அந்தக் கதவைப் பூட்டியிருக்கு.

சுதா: டொலர் வாங்கி வைக்கட்டோ?

வங்கியில கேளுங்கோ.

பாலா: தம்பி, தொண்ணூறுகளில போர் நேரம் அரசாங்கம் எங்களுக்குப் போட்ட பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்தில ஆர் காசு அடிச்சது? மண்ணெண்ணெய், சவர்க்காரம் எல்லாம் நெருப்பு விலை. உம்மட கணக்குப் பிழைக்குது.

அண்ணை, இதுதான் கேள்வி! தடையால வராத சாமானுக்குத்தான் நெருப்பு விலை. தெற்குக்கு அனுப்ப முடியாத வெங்காயம் என்ன விலை போனது? தோட்டக்காரர் அழுதவை. ஒண்டு ஏற ஒண்டு விழுந்தால் அது தட்டுப்பாடு. எல்லாம் சேர்ந்து, மாதக்கணக்கா ஏறினால்தான் பணவீக்கம்.

பாலா: அரசாங்கச் சம்பளமும் வெளிநாட்டுக் காசும் உள்ளுக்கு வந்துகொண்டுதானே இருந்தது?

வந்தது. அதாலதான் அந்த விலையிலயும் வாங்க ஆக்கள் இருந்தவை. சாமானுக்குப் பாதை பூட்டு, காசுக்குப் பாதை திறப்பு. 2022இல டொலர் இல்லாமல் கப்பல் நிண்டதும் அந்தப் பூட்டு மாதிரித்தான், அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா தொண்ணூறுகளில எங்களிட்டக் காசு அச்சடிக்கிற மிசின் இல்லை. 2022இல கொழும்பில இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது.

பாலா: ஜாம் போத்தல் விளக்கில படிச்ச ஆளுக்கு இதுவும் தெரியும்.

மது: அதென்ன ஜாம் போத்தல் விளக்கு?

போத்தலுக்குள்ள பஞ்சு, மேல துளி மண்ணெண்ணெய், ஒரு திரி. மிச்சத்தை அம்மம்மாவிட்டக் கேளும் பிள்ளை.