பாப் ஸ்மியர் நார்மல், அது போதாதா?

கேள்வி: எனக்கு 34 வயது, எடை 82 கிலோ. கல்லூரி நாளிலிருந்தே பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை). நாலைந்து மாதத்துக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ். போன முறை 18 நாள் நிற்கவே இல்லை, கட்டிகட்டியாகப் போனது. ‘கெட்ட ரத்தம், போகட்டும்’ என்கிறார் மாமியார். எனக்கோ புற்றுநோய் பயம். பாப் ஸ்மியர் நார்மல். அது போதாதா?
– வாசகி, ஈரோடு

பதில்: போதாதும்மா. பாப் ஸ்மியர் பார்ப்பது கர்ப்பப்பை வாயை. உங்களுக்குப் பார்க்க வேண்டியது கர்ப்பப்பையின் உள்சவ்வை.

கருமுட்டை வெடித்தால்தான் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் வளர்த்த சவ்வைப் பக்குவப்படுத்தி, நாள் பார்த்து உதிர வைப்பது அதுதான். பி.சி.ஓ.எஸ். இருந்தால் பல மாதம் முட்டை வெடிக்காது; அந்த மாதங்களில் சவ்வு தடித்துக்கொண்டே போகும். பிறகு தாங்காமல் அங்கங்கே பிய்ந்து ஒழுகும். உங்களுக்கு 18 நாள் போனது பெரும்பாலும் இப்படித்தான். கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை. எடைக்கும் இதில் பங்குண்டு: இன்சுலின் கூடினால் சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கும், கொழுப்பு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும்.

இதனால் உள்சவ்வுப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குச் சில மடங்கு கூடுதல். ஆனாலும் இந்த வயதில் அது அரிது.

மகப்பேறு மருத்துவரிடம் உள்சவ்வு பயாப்ஸி (துளி சவ்வை எடுத்துச் செய்யும் சோதனை) பற்றிக் கேளுங்கள். ஸ்கேன் மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். சவ்வு 4 மி.மீ.க்குள் இருந்தால் பயமில்லை என்ற கணக்கு மாதவிலக்கு நின்றவர்களுக்கானது. உங்கள் வயதில் சவ்வின் தடிமன் நாளுக்கு நாள் மாறும். பால்பாயின்ட் ரீஃபிள் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, துளி சவ்வை உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிடம் அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, அன்றே வீடு திரும்பலாம்.

முடிவு நார்மல் என்றால், இனி 90 நாளுக்கு மேல் பீரியட்ஸ் தள்ளிப்போக விடக்கூடாது. தள்ளினால் முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு, மருத்துவர் சீட்டுப்படி மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரான் போன்ற மாத்திரையை 10 முதல் 14 நாள் சாப்பிட வேண்டும். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் உதிரம் வரும். இப்போதைக்குக் குழந்தை வேண்டாமென்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் இன்னும் வசதி. சவ்வு தடித்திருந்து, செல்கள் மட்டும் சரியாக இருந்தால், இதே வகை மருந்தை ஆறு மாதம் கொடுத்து மறுபடி பயாப்ஸி எடுப்பார்கள். பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

எடையில் 4 கிலோ குறைந்தாலே பலருக்கு முட்டை வெடிப்பது சீராகிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். 18 நாள் போயிருக்கிறது, ஹீமோகுளோபினை இந்த வாரமே பாருங்கள்.