985 என்னும் எண்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தோம். அங்கே இருப்பவை 985 தூண்கள்தாம் என்றார்கள். மீதி 15 எங்கே? 9, 8, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 22. அதையும் கூட்டினால் 4. மதுரைக்கு நான்மாடக்கூடல் என்ற பெயர் இருப்பதால், சிற்பிகள் இதில் கணித ரகசியம் எதையோ ஒளித்துவைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 15 தூண்களைத் தேட வேண்டாம். ஆயிரங்காலத்துப் பயிர் என்பவர் ஆண்டுகளை எண்ணிவிட்டா சொல்கிறார்? இலக்கங்களைக் கூட்டும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள். ஒன்பது எண்களுக்கு ஒன்று இப்படி நான்கில்தான் வந்து நிற்கும்; 13 நிற்கும், 994 நிற்கும். படித்த பிள்ளை இதில் ஊர்ப்பெயரைத் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் நீங்கள் எழுதிய எண்ணோடு எனக்குப் பழைய உறவு உண்டு. என் தந்தை கொத்தனார். கடக்காலுக்குக் கயிறு பிடிக்கும்போது, மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்து மூலை செங்கோணமானால்தான் அஸ்திவாரக் குழி தோண்ட விடுவார். பத்து வயதில், திருப்பரங்குன்றத்தில் ஒரு வீட்டு வேலையின்போது, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் குறுக்கே எவ்வளவு வரும் என்று அவரிடம் கேட்டேன். இரண்டு பக்கமும் 5 அடி பிடித்து, குறுக்கே டேப்பை இழுத்தார். 7 அடியைத் தாண்டி, ஒரு அங்குலம் நிறையாமல் நின்றது. "இது முழுசா நிக்காதுடா, விடு" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. 5-ஐ வர்க்கித்து இரட்டித்தால் 50; 7-இன் வர்க்கம் 49; ஒன்று குறைகிறது. எந்த முழு எண்ணை எடுத்தாலும் அந்த ஒன்றாவது இடிக்கும். 985-ஐ வர்க்கித்து இரட்டித்தால் 19,40,450. 1393-இன் வர்க்கம் 19,40,449. அதே ஒன்றுதான் இங்கும் குறைகிறது. ஆனால் பக்கங்கள் 985 அடியாக இருந்தால், குறுக்களவு 1393 அடியைத் தாண்டுவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். 1, 2, 5, 12, 29, 70, 169, 408, 985 என்று, கடைசி எண்ணை இரட்டித்து அதற்கு முந்தையதைக் கூட்டிக்கொண்டே போகும் வரிசை இது. கணிதத்தில் பெல் எண்கள் என்பார்கள். வேள்வி மேடைகளின் அளவுகளைச் சொல்லும் பழைய வடமொழி நூல்களான சுல்ப சூத்திரங்கள் இரண்டின் வர்க்கமூலத்துக்குத் தரும் அளவு 577/408. இந்த வரிசையில் அதற்கு அடுத்த படி 1393/985.

இதையெல்லாம் யாரும் மண்டபத்தில் ஒளித்துவைக்கவில்லை. மதுரை நாயக்கர்களின் தளவாய் அரியநாத முதலியார் அதைக் கட்டியதாகச் சொல்லப்படும் 1569-க்கு முன்பும் 985 இப்படித்தான் இருந்தது. ஒரு தூண் குறைந்திருந்தாலும் அந்தச் சிற்பிகளின் கைத்திறன் குறைந்திருக்காது. கல்லில் அவர்கள் செய்துவைத்ததை நின்று பார்க்காமல், செய்யாத ரகசியத்தை அவர்கள் தலையில் ஏற்றிப் புகழ்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எண்ணுக்கும் அப்படித்தான்; அதன் குணத்தை அதனிடமே கேளுங்கள்.

வீட்டில் பெரிய மொட்டைமாடி இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மூலையிலிருந்து ஒரு நூலை 6 மீட்டர் 96 சென்டிமீட்டருக்கும் மற்றொன்றை 6 மீட்டர் 97 சென்டிமீட்டருக்கும் பிடித்து, முனைகளுக்கு நடுவே சரியாக 9 மீட்டர் 85 சென்டிமீட்டர் வரும்வரை நகர்த்துங்கள். பிறகு அந்த மூலையில், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். உங்களிடம் இல்லையென்றால் எழுதுங்கள். என் தந்தையுடையது என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.