நேட்டாலுக்குப் போன முனுசாமியைத் தேடும் தம்பிக்கு

தம்பி, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, சொந்த ஊர் போளூர் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தாத்தாவின் பெரியப்பா முனுசாமி 1900க்கு முன்னே பின்னே, டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்குக் கப்பல் ஏறியவர், அப்புறம் தகவலே இல்லை என்று வீட்டில் பேச்சு உண்டாம். அவர் என்ன ஆனார் என்று கண்டுபிடிக்க முடியுமா, அவர் வழி வந்தவர்கள் இருந்தால் அவர்கள் வாசலில் போய் நிற்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வாசலில் போய் நிற்பதற்குத்தான் கொஞ்சம் பக்குவம் வேண்டும்.

நான் வேலூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் வீட்டார் ஐந்து தலைமுறையாக நேட்டால்காரர்கள். அவருடைய கொள்ளுத்தாத்தாவைத் தேடியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எல்லாம் தொடங்குவது கப்பல் பட்டியலில். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு டர்பனில் வந்து நின்றதிலிருந்து, 1911இல் ஆள் அனுப்புவது நிற்கும் வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்கும். சில வரிகளின் ஓரத்தில் ஊர் திரும்பியதையோ இறந்ததையோகூடக் குறித்திருப்பார்கள். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதூலி ஆவண மையம் இருக்கிறது. பட்டியலைக் கணினியில் ஏற்றியிருப்பதால் அங்கே தொடங்குவது சுலபம்.

போனதும் ‘முனுசாமி’ என்று தட்டித் தேடாதீர்கள். பட்டியல் முழுக்க முனுசாமிதான். மூன்சாமி, முன்சாமி, முனிசாமி என்று குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் வேறு. வயதையும் நம்ப வேண்டாம். இருபது, இருபத்தைந்து என்று பார்வைக்குப் போட்ட வயது. கிராமத்தையும் அப்பா பெயரையும் வைத்துத் தேடுங்கள்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு வசதி. இந்த ஊர்க் குடும்பங்கள் பலவற்றிடம் தாத்தாவின் எண் இருக்கும். ஆனால் பட்டியலில் இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்தால் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. வாண்டிவாஷ் என்றிருந்தால் வந்தவாசி, கஞ்சீவரம் என்றால் காஞ்சிபுரம் என்று நமக்குச் சட்டென்று தெரியும். ஆரணியையும் குடியாத்தத்தையும் எப்படிக் கடித்துக் குதறி எழுதியிருந்தாலும் அந்தப் பக்கத்து ஆள் கண்டுபிடித்துவிடுவார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாவட்ட எல்லைகள் இன்றைக்குப் போல இல்லை. போளூர் வட ஆற்காட்டில் இருந்தது. பக்கத்துத் திருவண்ணாமலை அன்று தென் ஆற்காடு. சித்தூர் வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்தது. முனுசாமி பிறந்த ஊர் தாலுகா எல்லையில் இருந்தால் இரண்டு மாவட்டத்திலும் பார்த்துவிடுங்கள்.

சாதிக் கலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் வாய்க்கு வந்ததைச் சொன்னவர்கள் உண்டு, குமாஸ்தா தனக்குத் தெரிந்த நாலு பெயரில் ஒன்றைப் போட்டதும் உண்டு. ஆளை உறுதி செய்ய அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். நாளைக்கு உறவினர் கிடைத்தால், முதல் பேச்சே அதுவாக இருந்துவிட வேண்டாம்.

பட்டியலில் தாத்தாவின் பெயருள்ள வரி கிடைத்ததும் பலர் அதைப் படமெடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கப்பலிலிருந்து இறங்கிய ஒரு நாளைத்தான் அந்த வரி சொல்கிறது. மனிதன் அதற்கப்புறம் நாற்பது வருடம் இருந்திருப்பான். உங்கள் முனுசாமி 1900 வாக்கில் வந்திருந்தால், ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். அது முடிந்ததும் சிக்கல். 1895 சட்டப்படி, அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்தபின் இங்கேயே தங்க வருடம் 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலிக் கணக்கில் நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். கட்ட முடியாதவர்கள் மறுபடி ஒப்பந்தம் போட்டார்கள், அல்லது ஊர் திரும்பினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போன 1913 போராட்டத்தில் இந்த வரியும் ஒரு காரணம். அடுத்த வருடம் அது ரத்தானது. கொடுமைதான், ஆனால் தேடுகிறவர்களுக்கு அது காகிதத்தை விட்டுப் போயிருக்கிறது: மறு ஒப்பந்தம், வரி பாக்கி, முதலாளி மாற்றம், எஜமான் மேல் புகார் என்று இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகம் ஏகப்பட்ட கோப்புகளைச் சேர்த்து வைத்தது. கல்யாணங்களைப் பதிவு செய்ததும் அவர்கள்தான். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் பெயரோடு எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட உயர்ந்தது இறந்தவரின் சொத்துக் கோப்பு. கொஞ்சம் நிலமோ வீடோ வைத்துவிட்டு இறந்திருந்தால் நீதிமன்றத்தில் ஒரு கோப்பு திறந்திருப்பார்கள். பழையவை பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன, டர்பனிலிருந்து 80 கிலோமீட்டர்தான். பலவற்றை ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளி தேடும் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் இறப்பு அறிவிப்பு என்று ஒரு தாள்: பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக. ஒரு தாளில் குடும்பமே வந்துவிடும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா கோப்பில் சொத்து விவரம் ஒரு பக்கம்கூட இல்லை. தகரக் கூரை வீடு, ஒரு பசு, கன்று, ஒரு பித்தளை அண்டா, கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி. அதற்கு முந்தைய தாள் அவர் நிலம் வாங்கியபோது எழுதியது. அடியில் ஏதோ கோணல் கிறுக்கல். கைநாட்டுக்குப் பதில் கோடு போட்டிருக்கிறார் என்று கணவர் தாண்டிப் போய்விட்டார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நான் வாங்கிப் பார்த்தால், நடுங்கிய கையில் ‘சின்னக்கண்ணு’. மேலே ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதியிருந்த பெயர் அதுதான். கையெழுத்துப் போட்ட இடங்களை நீங்களும் விடாமல் பாருங்கள்.

இங்கே தேடும்போதே ஊரிலும் ஆளை இறக்குங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஊரில் இல்லாத அண்ணன் பங்கை என்ன செய்தார்கள் என்பது அதில் வரலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய வில்லங்கம் பார்க்கலாம். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கப்பலேற்றம் பற்றிய அரசுக் கோப்புகள் உண்டு, ஆனால் தனி ஆளைத் தேட அது வைக்கோற்போரில் ஊசி, கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உறவினர் விஷயம். முனுசாமியின் பேரப்பிள்ளைகள் இன்று முனுசாமி என்ற குடும்பப் பெயரோடே இருக்கலாம். அப்பா பெயரே குடும்பப் பெயராகிப் போனது இங்கே சகஜம். கவெண்டர் (நம்ம ஊர் கவுண்டர்), பிள்ளை, நாயுடு என்று மாறியும் இருக்கலாம். பழைய முகவரியை நம்பிப் போகாதீர்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிகள் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்களைக் கூண்டோடு கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கும், பிறகு ஃபீனிக்ஸுக்கும் அனுப்பினார்கள். கோயில்களில் விசாரியுங்கள். ஆடியில் கூழ் ஊற்றுவதை இங்கே ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள். அன்றைக்கு வயதானவர்கள் எல்லாரும் வருவார்கள், யார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்று வாய்ப்பாடாகச் சொல்வார்கள். தமிழில் பேசவில்லையே என்று முகம் சுளிக்காதீர்கள். மொழி போனபின்னும் புரட்டாசி விரதமும் காவடியும் விடாமல் வைத்திருப்பவர்கள். எங்கள் மதம் தமிழ் என்றுகூடச் சொல்வார்கள், திருத்தப் போகாதீர்கள்.

திடீரென்று கதவைத் தட்ட வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பி, முதல் பேச்சிலேயே எனக்கு எதுவும் வேண்டாம், தகவல் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். புதிதாக உறவு என்று வருகிறவர் விசாவுக்கோ பணத்துக்கோ வந்திருப்பாரோ என்ற பயம் இங்கே உண்டு. அதே பயம் ஊரிலும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். என் கணவர் கொள்ளுத்தாத்தாவின் கிராமத்துக்குப் போய் இறங்கியதும், நிலத்தில் பங்கு கேட்க வந்துவிட்டார் என்று ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி உட்காரவைத்து மோர் கொடுத்து, நாங்கள் நிலத்துக்காக வரவில்லை என்று நிச்சயமானபின்தான் பேச ஆரம்பித்தார்.

ஆகவே வெஸ்ட்வில்லுக்குப் போவதற்கு முன்னால் ஊருக்குப் போன் போடுங்கள். முனுசாமியின் அப்பா பெயர், கூடப்பிறந்தவர்கள் பெயர், குலதெய்வம், அந்தக் காலத்தில் குடும்பம் இருந்த கிராமம். போளூர் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, கிராமமே வேண்டும். தனியாகப் போனாரா, யாரோடாவது சேர்ந்து போனாரா என்றும் கேளுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து கப்பலேறியிருந்தால் பட்டியலிலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். கூடப் போனவரின் பெயர் முனுசாமி இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்தால், தேட வேண்டியது அவரைத்தான்.