பகடை மேஜை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரமாக நடித்துக் கதை ஆடும் எங்கள் ரோல்பிளே குழுவுக்கு நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவர். சத்திரத்தில் சூதாட்டக் காட்சி வந்தால் ஆளுக்கொரு தடவை டி20 (இருபது முகப் பகடை) உருட்டுகிறோம், பெரிய எண் வந்தவருக்குக் காசு, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதில் உயிர் வர என்ன செய்யலாம்?

பதில்: டி20யை ஓரமாக வையுங்கள். சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு போதும். சத்திரக்காரன் இரண்டையும் குவளையில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்கிறான், கூட்டுத்தொகை ஏழுக்கு மேலா, கீழா, சரியாக ஏழா என்று திறப்பதற்கு முன்பே சொல்லிக் காசு வைக்க வேண்டும். மேல், கீழ் சரியாக இருந்தால் வைத்த அளவுக்கு லாபம், ஏழு விழுந்தால் நான்கு மடங்கு லாபம். ஆடுகிறவர்களுக்கு ஏழுதான் கண்ணை இழுக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: இரண்டு பகடை விழும் 36 விதங்களில் மேல் 15, கீழ் 15, ஏழு 6. எதில் வைத்தாலும் நாளடைவில் ஆறு காசுக்கு ஒரு காசு சத்திரக்காரன் பைக்குப் போகிறது. அவன் யாரையும் ஏமாற்றவே வேண்டாம், சிரித்துக்கொண்டே குலுக்கினால் போதும். இப்படி ஒரு ஆளை நீங்கள் நடிக்கும்போது அவனுடைய நிதானம் தானாக வந்துவிடும்.

ஐந்து சுற்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு முறை நான் ருசியில் இரண்டு மணி நேரம் இழுத்துவிட்டேன், ஆடாத மூன்று பேர் பாவம், சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

கேள்வி: பகடையில் மோசடி நடக்கிறது என்பதை எங்கள் திருடன் கேரக்டர் கண்டுபிடிக்க வேண்டும். 'பெர்செப்ஷன் உருட்டு' (கேரக்டர் எதையாவது கவனிக்கிறாரா என்று பகடை உருட்டிப் பார்ப்பது) என்று சொன்னதுமே விஷயம் வெளியே வந்துவிடுகிறது.

பதில்: உருட்டச் சொல்லாதீர்கள். மோசடியை மேஜை மேலேயே வையுங்கள், அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஒரு பகடையில் 1, 3, 5 மட்டும் இரண்டிரண்டு தடவை, இன்னொன்றில் 2, 4, 6 மட்டும் இரண்டிரண்டு தடவை, ஒரே எண் எதிரெதிர் முகங்களில். பகடையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரு நேரத்தில் மூன்று முகம்தான் தெரியும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்த ஜோடியை உருட்டினால் ஏழு விழும் வாய்ப்பு ஆறில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாகிவிடுகிறது, அதாவது இரட்டிப்பு. சத்திரக்காரனின் கூட்டாளி மூலையில் உட்கார்ந்து ஏழிலேயே வைத்துக்கொண்டிருப்பான்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் சேர்ந்தால் கூட்டுத்தொகை எப்போதும் ஒற்றைப்படைதான். விழுந்த எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள். ஏழு, ஒன்பது, ஐந்து, ஏழு, பதினொன்று... யாராவது ஒருவர் 'இரு, ஒரு தடவைகூட எட்டு வரலையே' என்பார். அந்த நிமிடத்தை பகடை உருட்டிப் பார்க்கும் எந்தத் திறமைச் சோதனையாலும் கொடுக்க முடியாது.

கேள்வி: மனதைப் படிக்கும் மந்திரம் இருக்கிற உலகத்தில் சீட்டாட யார் உட்காருவார்கள்?

பதில்: உட்காருவார்கள், ஆனால் விதிகள் மாறும், அந்த விதிகளில்தான் ஊரின் குணம் தெரியும். மந்திரவாதிகளுக்குப் பயப்படும் ஊரில் ஆடுகிறவர்கள் கைகளை மேஜைமேல் விரித்து வைத்தே ஆடுவார்கள், வாய் முணுமுணுத்தால் ஆட்டம் ரத்து. பணக்காரக் கூடமாக இருந்தால் மந்திரத்தை மோப்பம் பிடிக்கவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும். 1999-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 8 வீடியோ விளையாட்டில் டிரிப்பிள் டிரையட் என்றொரு சீட்டாட்டம் உண்டு. அதில் பகுதிக்குப் பகுதி விதி வேறு, ஓரிடத்தில் பழகிய விதியை நாமே அடுத்த இடத்துக்குப் பரப்பிவிடவும் முடியும். ஒரு சூதாட்டம் வணிகர்களோடும் சிப்பாய்களோடும் ஊர் ஊராகப் போவதை இவ்வளவு எளிதாகக் காட்டியதற்காகவே அதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் கேரக்டர்களிடம் தங்கம் கொட்டிக் கிடக்கிறது. நூறு காசு தோற்றாலும் யாருக்கும் வலிப்பதில்லை.

பதில்: பிறகு ஏன் காசை வைக்கச் சொல்கிறீர்கள்? பாரதத்தில் இரண்டாவது சூதின் பணயம் பன்னிரண்டு வருடம் காடு, ஒரு வருடம் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து வாழ்வது. ஒரே பணயத்தில் பதின்மூன்று வருடக் கதை. பணயம் வைப்பது துரியோதனன், உருட்டுவது சகுனி என்ற ஏற்பாட்டையும் கவனியுங்கள். தனக்காக ஆட ஆள் வைத்துக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு விதி போதும், உங்கள் ஊரில் கூலிக்குப் பகடை உருட்டும் ஒரு தொழிலே பிறந்துவிடும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கு 2017-இல் வந்த துணை விதிநூலில், ஓய்வு நாட்களில் சூதாடுவதற்கு மூன்று சோதனைகள் வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் தோற்றால் வைத்த பணம் போவதோடு அதே அளவு கடனும் தலையில் ஏறும். எனக்கு அந்தக் கடன்தான் முக்கியம். தங்கத்தால் அடைக்க முடியாத கடனாக அதை மாற்றுங்கள்: ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் எல்லை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அல்லது இறந்துபோன தோழனின் வாளைக் கொடுக்க வேண்டும். பல நூறு வருடம் வாழும் எல்ஃப் ஒருத்தியிடம் தோற்றால், அவள் இன்றைக்கு ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், தோற்றவனின் பேரனிடம் வந்து கேட்கட்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு தோழியின் வீட்டில் நிஜமாகவே சூதால் பெரிய இழப்பு. இந்தக் காட்சிகள் வந்தால் அவள் அமைதியாகிவிடுகிறாள், வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை.

பதில்: அடுத்த ஆட்டத்துக்கு முன்னால், மற்றவர்கள் இல்லாத நேரத்தில் நீங்களே கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள், குழுவுக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். மேஜையில் பகடைக் குவளையே வராது, சத்திரத்தில் அன்று ஒரு பாடகன் பாடிக்கொண்டிருப்பான், செய்தி தர வேண்டிய ஆள் அந்தப் பாட்டுக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும்.