ஸ்விஃப்ட் காருக்குப் பெரிய வீல்: எத்தனை அங்குலம் வரை போகலாம்?

கேள்வி: என்னிடம் 2019-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் கார் உள்ளது. கம்பெனியிலிருந்து வந்த 165/80 ஆர்14 டயர்களில் பட்டன் தேய்ந்துவிட்டது. நான்கையும் மாற்றும்போதே அலாய் வீலுக்கும் மாறிவிடலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர் 17 அங்குல வீலும் 205/45 டயரும் போடச் சொல்கிறார். நண்பரோ, 195/65 ஆர்15 போட்டால் வண்டி உயரும், வேகத்தடையில் அடி தட்டாது என்கிறார். வாரம் ஒருமுறை ஐந்து பேராகக் கரூரிலிருந்து திண்டுக்கல் சென்று வருவோம். தோட்டத்துக்குப் போகும் வழி மண்பாதை. எந்த அளவைப் போடலாம்? மைலேஜ் குறையுமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

பதில்: இருவர் சொன்னதும் வேண்டாம். உங்கள் காருக்கு ஏற்ற அளவு 185/65 ஆர்15. இதே காரின் உயர் ரகமான இசட்எக்ஸ்ஐ, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே 15 அங்குல அலாய் வீலில் இந்த டயருடன்தான் வந்தது. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், மட்கார்டுக்குள் இருக்கும் இடைவெளி ஆகியவற்றை நிறுவனமே இந்த அளவுக்குச் சோதித்துப் பார்த்து முடித்திருக்கும்போது, அந்தச் சோதனையை உங்கள் செலவில் திரும்பச் செய்ய வேண்டிய தேவை இல்லை.

இந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதைக் கணக்கோடு பார்த்துவிடலாம். அது தெரிந்தால் எந்தக் கடைக்காரரிடமும் நீங்களே பேசிக்கொள்ளலாம். 165/80 ஆர்14 என்பதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், 355.6 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று என இரண்டையும் கூட்டினால் டயரின் மொத்த உயரம் 619.6 மி.மீ. வருகிறது. காரில் கியர் விகிதம், ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ் எல்லாம் இந்த உயரத்தை வைத்தே அமைக்கப்பட்டிருப்பதால், ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவர் அதே அளவுக்குச் சிறிதாகி, மொத்த உயரம் மாறாமல் இருக்க வேண்டும். 185/65 ஆர்15-இன் மொத்த உயரம் 621.5 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது டயர் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேயும் அளவுதான்.

நண்பர் சொன்ன 195/65 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 634.5 மி.மீ. வருகிறது. டயரின் உயரம் 15 மி.மீ. கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான், ஏழரை மில்லிமீட்டர். வேகத்தடையில் அடி தட்டும் வண்டி இந்த ஏழரை மில்லிமீட்டருக்குப் பிறகும் பெரும்பாலும் தட்டத்தான் செய்யும். ஆனால் விலை கொடுக்க வேண்டியிருக்கும். டயர் உயரமும் கூடி அகலமும் 30 மி.மீ. கூடுவதால், ஐந்து பேர் ஏறிய நிலையில் ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்துத் திருப்பும்போது மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் லைனரில் உரசும் வாய்ப்பு இருக்கிறது. கடையில் காலி வண்டியை நேராக நிறுத்திப் பார்த்துவிட்டு ‘சரியாகப் பொருந்திவிட்டது’ என்று சொல்வதை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். மீட்டரும் பொய் சொல்லும்: மீட்டர் 80 காட்டும் இடத்தில் வண்டி முன்பு போனதைவிட 2.4 சதவீதம் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதே கணக்கில், உண்மையில் 1,000 கி.மீ. ஓடியிருந்தால் மீட்டர் ஏறக்குறைய 977 கி.மீ. என்றுதான் காட்டும். பெரிய டயர் போட்ட பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் சிலருக்குக் குறைந்தது மைலேஜ் அல்ல, மீட்டர் எண்ணிய கிலோமீட்டர்.

கடைக்காரரின் 17 அங்குல யோசனையில் சிக்கல் வேறு வகையானது. 205/45 ஆர்17-இன் மொத்த உயரம் 616.3 மி.மீ.; கணக்குப்படி பிழையில்லை. ஆனால் பக்கச்சுவர் 132 மி.மீ.-இலிருந்து 92 மி.மீ.-ஆக, அதாவது நாற்பது மில்லிமீட்டர், சுருங்கிவிடுகிறது. சாலைக் குழியில் வண்டி இறங்கும்போது முதல் அடியைத் தாங்குவது சஸ்பென்ஷன் அல்ல, காற்று நிரம்பிய இந்தப் பக்கச்சுவர்தான். அது குட்டையாக இருந்தால், குழியின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவே நசுங்கி உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். மறுநாள் பார்த்தால் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு தெரியும். அந்த டயரை ஒட்டுப் போட்டோ பேட்ச் வைத்தோ காப்பாற்ற முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். ரிம்முக்கும் அடி விழும். ஸ்டீல் ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் ரிம் பலமான அடியில் விரிசல் விடும். அந்த விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டித் தருகிறோம் என்பவர்களிடம், குறிப்பாக உங்களைப் போல் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர்கள், வீலைக் கொடுக்கவே கூடாது. மண்பாதை உள்ள உங்களுக்குக் குட்டைப் பக்கச்சுவர் எந்த வகையிலும் பொருந்தாது.

பலரும் பார்க்கத் தவறும் இன்னொன்று சுமை எண். உங்கள் பழைய டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து 85டி என்று இருக்கும். 85 என்பது அந்த ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறி. டி என்பது மணிக்கு 190 கி.மீ. வேகம் வரை. புதிய டயரின் எண் இதற்குக் குறையக்கூடாது. 205/45 ஆர்17 அளவில் சாதாரண ரகம் 84 என்ற எண்ணோடு வருகிறது; அதன் தாங்குதிறன் 500 கிலோதான். அகலமான, விலை கூடிய டயரை வாங்கிவிட்டுப் பழைய ஒல்லி டயரைவிடக் குறைந்த சுமை தாங்கும் நிலைக்கு வருவது விசித்திரம். அதே அளவில் எக்ஸ்எல் என்று குறித்த, 88 எண்ணுள்ள ரகமும் உண்டு. ஆனால் அதற்கு ஏற்பக் காற்றழுத்தமும் கூட்ட வேண்டியிருப்பதால் பயணம் இன்னும் கடினமாகும். 185/65 ஆர்15 பொதுவாக 88எச். 560 கிலோ, 210 கி.மீ. வேகம். உங்கள் தேவைக்கு இது தாராளம்.

17 அங்குல வீலோடு நிற்கும் ஸ்விஃப்டின் படத்தைக் கடைக்காரர் கைப்பேசியில் காட்டியிருக்கலாம். வெளிநாடுகளில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட் காரில் 195/45 ஆர்17 கம்பெனி அளவுதான். ஆனால் அந்தக் காரின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேறு. ஹப்பில்கூட நான்குக்குப் பதில் ஐந்து போல்ட் உண்டு. பெயர் ஒன்று என்பதால் உங்கள் விஎக்ஸ்ஐ-க்கு அதை உதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

16 அங்குலம் நடுவில் நிற்கிறது. பலேனோவின் உயர் ரகங்களில் வரும் 195/55 ஆர்16-இன் மொத்த உயரம் 620.9 மி.மீ.; உங்கள் காருக்கும் கணக்கு ஒத்துப்போகிறது. நகரச் சாலையில் மட்டும் ஓடும் கார், தோற்றமும் முக்கியம் என்றால் அதுவரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். உங்களுக்கு மண்பாதை இருப்பதால் 15-இலேயே நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். வழியில் டயர் கிழிந்தால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். எர்டிகா உள்பட ஏராளமான கார்களில் 185/65 ஆர்15 ஓடுவதால் சிற்றூர்க் கடையிலும் அது கிடைக்கும். 205/45 ஆர்17-ஐத் தேடிப் பெருநகரத்துக்கு ஆள் அனுப்ப வேண்டிவரும்.

இனி ரிம். டயரில் காட்டும் அக்கறையை மக்கள் ரிம்மில் காட்டுவதில்லை. டிசைனைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். மூன்று அளவுகள் பொருந்த வேண்டும். முதலாவது பிசிடி, அதாவது நான்கு போல்ட்டுகளும் அமைந்த வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்டுக்கு அது 4x100. பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று எட்டுத் துளை போட்டு வரும் ரிம்களில் ஒரு வரிசை 4x100-ஆக இருக்கலாம். நட் சாய்வாக உட்காராமல் நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நடுத்துளை. ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளிக்கடை ரிம்களில் நடுத்துளை பல கார்களுக்கும் சேர்த்துப் பெரிதாகவே குடையப்பட்டிருக்கும். அந்த இடைவெளியை ஹப் ரிங் என்னும் வளையம் போட்டு நிரப்பாவிட்டால், வீல் மையத்தில் உட்காராமல் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லை என்று கடை கடையாக அலைகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வளையத்தை, விலையோ அற்பம்.

மூன்றாவதான ஆஃப்செட்தான் அதிகக் கோளாறு செய்வது. ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று வரைந்தால், ஹப்பில் ஒட்டும் முகம் அதிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்புறம் தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்வது ஆஃப்செட். ரிம்மின் உட்புறத்தில் ஈடி என்ற எழுத்துகளை அடுத்து அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, ஐந்தரை அங்குல அகலமும் ஈடி 45-உம் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, ஆறரை அங்குல அகலமும் ஈடி 38-உம் உள்ளதை மாட்டினால், வீல் வெளிப்பக்கம் ஏறக்குறைய 20 மி.மீ. துருத்தும், உள்பக்கம் ஷாக் அப்சார்பரை நோக்கி 6 மி.மீ. நெருங்கும். துருத்திய வீல் மட்கார்டு விளிம்பில் இடிப்பதோடு, சேற்றைக் கதவில் வாரி இறைக்கும். வீல் பேரிங்கும் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும். ‘வைடாக’ நிற்பது அழகு என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்தத் தவறான ஆஃப்செட்தான். எனவே ஐந்து முதல் ஆறு அங்குல அகலத்தில், இசட்எக்ஸ்ஐ-யின் ஆஃப்செட்டை ஒட்டிய ரிம்மையே வாங்குங்கள். நிறுவனத்தின் அசல் துணைப்பொருள் கடைகளில் கிடைக்கும் ஸ்விஃப்ட் 15 அங்குல அலாய் வீல் என்றால் இந்த மூன்று அளவுகளையும் நீங்கள் சரிபார்க்கவே வேண்டாம்.

மைலேஜ் ஓரளவு குறையத்தான் செய்யும். டயர் அகலமாகும்போது உருளும் தடையும் காற்றின் எதிர்ப்பும் கூடும். ரிம்மும் டயரும் கனமானால் ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அந்த எடையைச் சுழற்றிவிட எஞ்சினுக்குக் கூடுதல் வேலை. அலாய் என்றாலே லேசு என்ற எண்ணம் தவறு; மலிவான வார்ப்பு அலாய் உங்கள் பழைய ஸ்டீல் ரிம்மைவிடக் கனமாக இருப்பது உண்டு. கடையில் எடைபோட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 15 அங்குலத்தில் இந்த இழப்பு பெரிதாக உறுத்தாது. 17-இல் நன்றாகவே உணர்வீர்கள், நகருக்குள் இழுவையிலும் சேர்த்து.

பிடிப்பைப் பற்றியும் ஒரு சொல். அகல டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரிதாகக் கூட்டிவிடுவதில்லை. காற்றழுத்தம் மாறாதவரை அந்தப் பரப்பு ஏறக்குறைய அதேதான், வடிவம்தான் நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. வளைவுகளில் அது உறுதியைத் தரும். மழைநீர் தேங்கிய சாலையில் அதுவே எதிராகத் திரும்பும்: ஒல்லி டயர் தண்ணீரைக் கிழித்துப் போகும் வேகத்தில் அகல டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கிவிடலாம். ஈரச் சாலையில் பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால், பெரிய ரிம்முக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைத் தரமான டயருக்கு மாற்றுங்கள். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையையும், பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும் தயாரிப்புக் குறியையும் பாருங்கள்; 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயரைத் தள்ளுபடியில் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. உங்கள் மாடலுக்கே நிறுவனம் தந்த அளவில், மட்கார்டுக்குள் அடங்கி நிற்கும் வீலுக்குச் சிக்கல் எழ வாய்ப்பு மிகக் குறைவு. துருத்தி நிற்கும் 17 அங்குல வீலை அப்படிச் சொல்லமாட்டேன். அலாய் வீலின் பில்லைப் பத்திரப்படுத்தி, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது கூடுதல் துணைப்பொருளாகத் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத பொருளுக்கு விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்பது கடினம்.

மாட்டும் நாளில் புதிய வால்வு போடச் சொல்லுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் முடித்த பிறகு, ஐந்து பேரை ஏற்றி ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதுமாக ஒடித்து, ஒரு வேகத்தடையையும் ஏறி இறங்கிப் பாருங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் முறுக்கி விட்டுவிடாமல், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் செய்து, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய அட்டவணைப்படி இருக்கட்டும். அதில் 15 அங்குலத்துக்கான வரி இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் இசட்எக்ஸ்ஐ-க்கான அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னிக்குப் புது வீல் தேவையில்லை. பழைய 165/80 ஆர்14-இன் உயரம் புதியதோடு இரண்டு மில்லிமீட்டர்தான் வேறுபடுவதால், பஞ்சர் கடை வரை 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் அதையே ஓட்டிக்கொள்ளலாம். புதிய அலாயோடு தனி நட்டுகள் வந்தால், ஸ்டீல் ரிம்முக்கான பழைய நட்டுகளில் நான்கை ஜாக்கியோடு டிக்கியில் போட்டு வையுங்கள். அவை இல்லாமல் ஸ்டெப்னியை இறுக்க முடியாமல் போகலாம்.