விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் இரண்டை கேபிளால் நேரடியாக இணைத்தும் லேன் போர்ட்டின் விளக்கு எரியவில்லை

கேபிளை மாற்றுங்கள், கணினிகளில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. மோடத்தோடு வந்த கேபிளையே இரண்டுக்கும் நடுவில் செருகியதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் இரு முனையிலும் கம்பி வரிசை ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரெய்ட் கேபிளாகத்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அனுப்பும், வாங்கும் கம்பிகள் ஒரு முனையில் இடம் மாறியிருக்கும் கிராஸ்ஓவர் கேபிள்.

பழைய 10/100 (நொடிக்கு 10 அல்லது 100 மெகாபிட்) லேன் கார்டுகள் 1, 2 பின்களில் அனுப்பும், 3, 6 பின்களில் வாங்கும். ஸ்ட்ரெய்ட் கேபிளில் இரண்டு கார்டும் ஒரே கம்பிகளில் பேசும், ஒரே கம்பிகளில் காத்திருக்கும். கேபிள் இணைக்கப்படவில்லை என்று எக்ஸ்பி சொல்வதும் அதனால்தான். ஒன்றில் ஜிகாபிட் (1000 மெகாபிட்) கார்டு இருந்தால் பெரும்பாலும் அதுவே கம்பிகளை மாற்றிக்கொள்ளும்; எந்தக் கேபிளும் போதும்.

கையில் இருப்பது எது என்று பார்க்க, கேபிளின் இரு முனைகளையும் கிளிப் கீழே இருக்கும்படி பக்கம் பக்கமாகப் பிடியுங்கள். நிற வரிசை ஒன்றாக இருந்தால் ஸ்ட்ரெய்ட். ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடி இருக்கும் இடத்தில் மறுமுனையில் பச்சை ஜோடி இருந்தால் கிராஸ்ஓவர்.

விளக்கு எரிந்ததும், கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் எண்களான ஐபி முகவரிகளை நெட்வொர்க் அமைப்பில் கையால் கொடுங்கள்:

1. முதல் கணினி 192.168.0.1, அடுத்தது 192.168.0.2
2. சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0, கேட்வே காலி
3. முதல் கணினியின் கமாண்ட் பிராம்ப்டில் ping 192.168.0.2 என்று தட்டுங்கள் (மறு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைதான் பிங்)

பிங் பதில் வராவிட்டால் கேபிளைச் சந்தேகிக்காதீர்கள். சர்வீஸ் பேக் 2 என்ற புதுப்பிப்பு முதல், இரண்டாவது கணினியில் உள்ள எக்ஸ்பியின் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருள்) அதைத் தடுக்கும். ஃபயர்வாலை முழுதாக அணைக்க வேண்டாம், குறிப்பாக அந்தக் கணினியில் இணையமும் இருந்தால். ஃபயர்வாலின் விதிவிலக்குப் பட்டியலில் கோப்பு, பிரிண்டர் பகிர்வை மட்டும் டிக் செய்யுங்கள், பிங்கும் சேர்ந்தே திறந்துவிடும்.